வேண்டாத வரிகள்

“கூட்டித் துடைச்சிட்டே இருந்தா எப்ப அக்கா சோறாக்குற?” என்று சீறினான் நஸ்ரி. செயலியில் மீன் விலை காட்டும் புதிய வசதியைப் பிரியதர்சினி இந்த மாதமும் தள்ளிப்போட்டதில் அவனுக்குப் பொல்லாத எரிச்சல்.

அவள் அசையவில்லை. போன தடவை அவசரப்பட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கப் போய், செயலி ஒரு பகல் முழுக்கப் படுத்துவிட்டது. காற்று எழும்புமுன் மீனவர்களை எச்சரிக்கிற செயலி அது. இலவசம், அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் துறைமுகத்தைப் பார்த்த ஓர்ஸ் ஹில் மாடி அறையில் இருந்து அதைக் கட்டி மேய்ப்பது இவர்கள் இருவரும்தான்.

“முதல்ல நிரலில கிடக்கிற பழைய குப்பை போகட்டும். உங்கட வாப்பாவும் இண்டைக்குக் கடலிலதானே? வெளிக்கடலுக்குப் போனா சிக்னலும் இல்லை. அதுக்கு முன்னம் எச்சரிக்கை போய்ச் சேராட்டி ஆர் பதில் சொல்லுறது?”

தகப்பனின் பேச்சு வந்ததும் நஸ்ரி எழுந்துகொண்டான். தேநீர் வாங்கப் படியிறங்கிப் போனான்.

அவள் நிரலின் பழைய பகுதி ஒன்றைத் திறந்தாள். முன்பு இவர்களோடு வேலை செய்து, பிறகு டோஹாவுக்குப் போய்விட்ட சுகிர்தன் எழுதியது. ஒரு விளக்கமும் எழுதி வைக்கவில்லை, புண்ணியவான். ஒவ்வொரு எச்சரிக்கையின்போதும் அது ஏதேதோ இலக்கங்களுக்குத் தொலைபேசி அழைப்பு விடுகிறது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதற்குப் பதில் சொன்னதில்லை. சும்மா கிடந்து உயிரை வாங்குகிற சனியன்!

ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் பார்த்த பிறகே சேர்ப்பது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. நஸ்ரி பார்த்தால் மறுபடியும் சண்டைதான். அந்தப் பகுதியை அவளே அழித்தாள், அந்த மாற்றத்தை அவளே செயலியில் சேர்த்தும் விட்டாள்.

பின்னேரம் துறைமுகத்துக்கு மேலே வானம் கறுத்தது. எச்சரிக்கை புறப்பட்டது. எதுவும் சிக்கவில்லை, எதுவும் தாமதிக்கவில்லை; திரை முழுக்கப் பச்சை. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தாள்.

“பாத்தீங்களா நஸ்ரி, கூட்டினதுக்குப் பலன்!”

“சரி, ஒத்துக்கிறன்” என்றான் அவன்.

கொஞ்ச நேரத்தில் காற்று யன்னலை அறையத் தொடங்கியது. திரும்பாத படகுகள் இந்நேரம் சிக்னல் எல்லையைத் தாண்டியிருக்கும். இனி அவர்களைக் கூப்பிட ஏலாது. அவள் எழுந்து யன்னலால் கடலைப் பார்த்தாள்.

நஸ்ரியோ ஆறுதலாகத் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

“வாப்பாட போனுக்கும் போயிருக்கும்தானே?” என்று கேட்டாள்.

“அவர்ட பட்டன் போன்ல நம்மட ஆப் எங்க அக்கா ஓடுற?”

பிரியதர்சினி அவன் பக்கம் திரும்பினாள். “அப்ப... அவருக்கு எப்பிடித் தெரியும்?”

இது தெரியாதா என்பதுபோல் நஸ்ரி சிரித்தான்.

“நம்மட ஆப் ரிங் குடுக்கும்தானே அக்கா, ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க, படகத் திருப்பிருவாங்க.”