ஊசி ஒடஞ்ச சத்தம்

தலை வேறு, நெஞ்சு வேறு. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் நடுவில் கழுத்து இருக்கிறது என்று விலங்கியல் இரண்டாமாண்டு நல்லான் உலகத்துக்கு அறிவிக்கிறான். கேட்பதற்கு அண்ணன் மனைவி சாமியாத்தாள் மட்டும் இருக்கிறாள். சைக்கிளோடு விழுந்து மண்டையில் அடிபட்ட அண்ணன் சென்னியப்பன் மூன்றாம் நாளாகக் கண் திறக்காமல் கிடக்கிறான். மூளை வீங்கினால் நெஞ்சுத் துடிப்பும் தடுமாறலாம் என்று காலையில் டாக்டர் சொன்னதற்குத்தான் இந்த மறுப்பு. ஜன்னல் வெயில் குளுக்கோஸ் பாட்டிலுக்குள் புகுந்து போர்வையில் வட்டமாக நடுங்குகிறது. தலைமாட்டில் மானிட்டர் பீப், பீப் என்கிறது. நிட்டிங் மிசினுக்குப் பக்கத்திலேயே எட்டு வருசம் வேலை பார்த்த சாமியாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு ஏற்ப முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று விரல் நிற்கிறது.

“ஓடற மிசின்ல ஊசி ஒடஞ்சாப்பல கேக்குதுங்க தம்பி.”

“இது பனியன் மிசின் இல்லீங்க நங்கையா. அடுத்து எண்ணெ உடச் சொல்லுவீங்களாட்ட.”

அவள் அதற்குள் போய் நர்ஸைக் கையோடு கூட்டிவருகிறாள். திரையைப் பார்த்த நர்ஸ் டாக்டரிடம் ஓடுகிறாள். இம்முறை நிஜமான ஊசியே வருகிறது. மருந்து ஏற ஏறச் சத்தம் சீராகிறது.

“நல்ல நேரத்துல கூப்பிட்டீங்கம்மா. விட்டிருந்தா நெஞ்சு நின்னிருக்கும்,” என்கிறார் டாக்டர்.

சாமியாத்தாள் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முகம் கழுவப் போகிறாள். அவளுக்கு நன்றி சொல்ல நல்லானுக்கு ஏழெட்டு வாக்கியம் தோன்றுகிறது. எல்லாவற்றிலும் கேலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் எழுந்துபோன ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழங்காலில் விரலால் தட்டத் தொடங்குகிறான்.