வைகாசிக் கட்டம்

கணினியில் ஓர் அட்டவணை. அதில் அமிர்தவல்லி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாக மூன்று கட்டங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. சித்திரையிலும் ஆனியிலும் அவளுடைய ரத்த அழுத்தம் பதிவாகியிருந்தது. நடுவிலிருந்த வைகாசி காலி. அந்த மாதம் அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

ஆராய்ச்சிக்கான கணக்கு வந்து பார்த்தது. "ஒரு கட்டம் காலின்னாலும் அந்த வரிசையே வேண்டாம்" என்று தள்ளிவிட்டது.

"எல்லாம் உன்னாலதான்" என்று சித்திரை சீறியது.

"கூடப் பிறந்த பாவத்துக்கு நாங்களும் வெளிய நிக்கிறோம்" என்றது ஆனி.

வைகாசி தன் காலிக் கட்டத்துக்குள் ஒடுங்கிக்கொண்டது.

அட்டவணையை வைத்திருந்த ஆராய்ச்சிக்காரி கொஞ்சம் யோசித்தாள். பக்கத்துப் பக்கத்தில் நின்ற கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, தனித்தனி வரியாக இறக்கினாள்.

"ஐயோ, குடும்பத்தைப் பிரிக்கிறாங்களே!" என்று சித்திரை அலறியது.

"ஏன் கத்துற? மூணு பேர் கூடவும் நான் வரேன்" என்றது பெயர். பார்த்தால், ஒவ்வொரு வரியின் முன்னாலும் அமிர்தவல்லி இருந்தாள்.

கணக்கு மறுபடியும் வந்தது. இந்த முறை வரி வரியாகப் பார்த்து, சித்திரையையும் ஆனியையும் உள்ளே கூப்பிட்டது. வைகாசியை மட்டும் விட்டுவிட்டது.

இரண்டும் தயங்கி நின்றன. வைகாசியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"போங்க, போங்க" என்றது வைகாசி. "நான் எங்கேன்னு கேட்டா, இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பேத்தியைப் பார்க்கப் போயிருக்குன்னு சொல்லுங்க."