கைக்குள் அடிக்கும் மட்டை

ஒரு கிரிக்கெட் மட்டை இருந்தது. ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் பந்தை விரட்டுவதில் அதை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆளே கிடையாது. அடிப்பக்கம் விரிசல் விட்டதும் டேப் சுற்றி, கேட்ச் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

முதல் நாள், பழக்கதோஷத்தில் அது பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே தூக்கிப் போட்டது.

"அண்ணே, இப்ப நீங்க ஆளோட கைக்குள்ள அடிக்கணும்," என்றது தையல் பிரிந்த பயிற்சிப் பந்து.

"அதுக்குப் பேரு அவுட் இல்லையாடா?"

"இங்க அதுதாண்ணே வேலை."

மட்டை பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டது. சாயங்காலம் ஆனால் கைகளைத் தேடித் தேடி அடித்தது. ஆட்டம் நடக்கும் நாளில் மட்டும் பயிற்சிப் பந்தோடு பைக்குள் கிடக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்தை எதிரணியின் மட்டை வானத்துக்குத் தூக்கியது. இந்த அணிப் பையன் ஒருவன் எல்லைக்கோட்டை நோக்கிப் பின்னாலேயே ஓடிப் பிடித்துவிட்டான். எல்லோரும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

"ஜெயிச்சாச்சுண்ணே! அது நீங்க பழக்கின கை!" என்று துள்ளியது பயிற்சிப் பந்து.

மட்டை பையின் வாய் வழியாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, சந்தோஷமில்லையா?"

"சந்தோஷந்தான்டா. அந்தா பாரு, அவுட்டானவன் அந்த மட்டையை அங்கேயே வீசிட்டுப் போயிட்டான். நல்லாத்தான் அடிச்சுது. யாராச்சும் அதுகிட்ட போய் நாலு வார்த்தை பேசினா தேவலை."