மாமியார் தராத முன்பணம்

அம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்த கணவன், கதவை மெல்லச் சாத்தினான்.

"தர மாட்டாங்களாம்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏனாம்?"

"அவங்க பணம், அவங்க இஷ்டம். விடு."

அவளால் விட முடியவில்லை.

சொந்த வீடு வாங்கலாம் என்று பேச்செடுத்த அன்றே வங்கி மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "விலையில அஞ்சுல ஒரு பங்கு உங்க கைக்காசா இருக்கணும். வெளியில வேற கடன் இருக்கக் கூடாது. முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க."

கணவனின் கிரெடிட் கார்டு பாக்கியை அவள் சம்பளத்தில்தான் அடைத்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமையும் போக ஆரம்பித்தாள். பஸ்ஸுக்குக் கொடுப்பதை மிச்சம் பிடித்து நடந்தே வந்தாள். கல்யாண வளையல்கள் கைமாறின. கடன் வாங்கும் முன்பே, மாதத் தவணைக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, மீதியில் குடும்பம் நடத்திப் பழகினாள்.

அத்தனைக்கும் பிறகு இன்னும் கொஞ்சம் துண்டு விழுந்தது. அந்த அளவு பணம் மாமியாரிடம் இருந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்றபோது வந்த பணம். வங்கியில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே பிள்ளை. அவனுக்குத் தராம யாருக்கு வச்சிருக்காங்களாம்?" என்றாள் போனில் அவளுடைய அக்கா.

"அதை நீயே வந்து கேளுக்கா. எனக்குப் பேசவே பிடிக்கல."

அதன்பின் சாப்பாட்டுத் தட்டு மாமியார் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வந்து உட்கார்ந்தது. மாமியார் எதையும் கண்டுகொள்ளவில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், மருமகள் பாதியில் விட்டுப்போன துணிகளை மடித்து வைத்தார்.

'நடிப்பு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வீட்டை விற்பவர் இந்த வாரத்துக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்றதும், அவளே மாமியாரின் அறைக்குள் போனாள். மாமியார் மகனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. உங்க பிள்ளை வாங்கற வீடு. அவருக்குக் குடுக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"அவனுக்குன்னா குடுக்கறதா இல்லம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. "நாங்க ஒண்ணும் ஊதாரித்தனம் பண்ணலயே. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி..."

"கட்டினது நீ. பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்புறம் ஏன் அத்தை?"

மாமியார் நூலைக் கடித்துத் துண்டித்தார். சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"உட்காரு. நான் என்ன சொன்னேன்னு அவன் உன்கிட்ட சொன்னான்?"

"தர மாட்டீங்கன்னு."

"மீதியை முழுங்கிட்டான் போல."

"மீதியா?"

"பத்திரம் அவன் ஒருத்தன் பேருலதானாம். அதுக்கு நான் தர மாட்டேன்னேன். உன் பேரையும் சேர்த்து எழுது, இருக்கறது மொத்தத்தையும் நாளைக்கே எடுத்துத் தர்றேன்னேன்."

மருமகளின் பார்வை ஓரமாகக் கிடந்த கணவனின் சட்டைக்குப் போனது.

"அவன்தான், யோசிச்சு சொல்றேம்மான்னு எழுந்து போனான்."