இருபத்து நான்கு பேர்

தெல்தெனியவில் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருந்த பங்களாவைப் பெருநாள் விடுமுறையில் இரண்டு நாளுக்குக் குடும்பமாக வாடகைக்கு எடுக்க றம்ஸியா ஆசைப்பட்டாள். விளம்பரத்திலிருந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்.

"இருபத்து நாலு பேர் வாறம். இடம் போதுமா?"

"இன்னும் ரெண்டு பேர் வந்தாலும் இடமிருக்கு" என்று பதில் வந்தது.

கணவன் ஃபாஸில் எட்டிப் பார்த்தான். "அப்ப என்ட தங்கச்சியையும் அவட மகனையும் கூப்பிடுவமே?"

"ஷஹ்மாவையா? வேணாம். அஹ்னாப் பேச்சு வராத புள்ள, சும்மா சும்மா கத்துவான். எல்லார்ட சந்தோஷமும் கெட்டுப் போகும்."

ஃபாஸில் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

"எங்கட முழுக் குடும்பமும் இவ்வளவுதான்" என்று றம்ஸியா எழுதினாள். "சத்தமில்லாத இடம்தானே?"

வெகுநேரம் கழித்தே பதில் வந்தது.

"மச்சி, நான் ஷஹ்மா. உங்களுக்குத் தெரியாது, மூணு மாசமா நான்தான் இங்க மெனேஜர். யோசிக்காம வாங்க. அந்த ரெண்டு நாளும் மகனைத் தெரிஞ்சவங்கட வீட்டுல விடுறன். சத்தம் இருக்காது."

றம்ஸியா ஏதோ எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அதையும் அழித்தாள்.

"என்னவாம்?" என்றான் ஃபாஸில்.

போனை அவனிடம் நீட்டினாள். அவன் வாசித்து முடிக்கும்வரை அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.