இன்னொரு கார்டு எதற்கு?

"இருக்கிற ஒண்ணு போதாதா? எதுக்குங்க கம்ப்யூட்டருக்கு ரெண்டு கிராபிக்ஸ் கார்டு?"

பல் டாக்டரம்மாவுக்குக் காலையிலேயே கோபம் தலைக்கேறியது. காரணம், அவளுடைய வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்துவிட்டால் கார் ரேஸ் விளையாடும் குழந்தை.

"ரெண்டு போட்டா கேம் சும்மா பறக்கும்."

"நாப்பது வயசுக்கு மேல நீங்க எங்கே பறக்கணும்? எங்கப்பாவைப் பாருங்க. ஒரு ஹீட்டர்கூட வேண்டாம்னு மூணு தடவை கடைக்கே திருப்பி அனுப்பிட்டார். நீங்க என்னடான்னா..."

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுக்குக் குளிர் ஆகாது, தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? "மாப்பிள்ளை வீட்டுக் கரண்ட்டை எரிச்சு நான் குளிர்காயணுமா? இன்னொரு தடவை ஹீட்டர்னு பேச்செடுத்தா பெட்டியைக் கட்டிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தனியாக இருமிக்கொண்டு கிடப்பாரே என்ற பயத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"கடைக்கு நானும் வரேன். ஏமாத்தப் பார்ப்பாங்க."

கடைக்காரப் பெண் ஏமாற்றுகிற ரகமே இல்லை.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். இப்ப வர்ற கேம்ல முக்காவாசி ரெண்டு கார்டைச் சேர்த்துப் பயன்படுத்தாது. ஒண்ணு வேலை செய்யும். இன்னொண்ணு வேடிக்கை பார்க்கும்."

அப்பாவுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

"நான் சொல்லலை? லிஃப்ட்டுல ரெண்டு மோட்டார் மாட்டினா என்ன, கூரையைப் பிச்சுக்கிட்டா போகும்?"

கடையே சிரித்தது. கூடப் போயிருந்த டாக்டரம்மாவுக்கு மானம் போயிற்று.

"பழைய கார்டைக் கொடுத்துட்டு நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாமே சார்?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. ரெண்டாவதா ஒண்ணு கொடுங்க. அதுக்குத் தகுந்த பவர் சப்ளையும் வேணும்." வாத்தியார் எதுவுமே காதில் விழாதவர் போல நின்றார்.

"கணக்கு வாத்தியாருக்கே கணக்கு உதைக்குதே!" என்றார் அப்பா.

இரண்டு நாள் அவள் கணவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அப்பா விடவில்லை. சாயங்காலமானால் போதும், நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"அந்த ரெண்டாவது என்ன மாப்பிள்ளை பண்ணுது?"

"வேலை பண்ணுது மாமா."

"வெட்டி வேலை! சரி சரி, ரோட்டைப் பாருங்க. வளைவு வருது... பிரேக்கு! பிரேக்கு! போச்சு, சுவத்துல ஏத்திட்டாரு!"

திட்டுகிற உற்சாகத்தில் குல்லாவைக் கழற்றி வீசுவார். இருமக்கூட மறந்துபோவார். கோபமாக இருக்க வேண்டும் என்று சமையலறையில் உறுதியோடு நிற்கிறவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை மதியம் கிளினிக்கிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். வந்து பார்த்தால், கம்ப்யூட்டர் உர்ரென்று இரைந்துகொண்டிருக்கிறது. திரையில் கேமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாத்தியார் பனியனோடு உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார். அப்பா நாற்காலியில் தூங்குகிறார்.

"ஆடாத கேமுக்கு இது வேற ஓடணுமா?" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

வாத்தியார் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"அணைச்சுடாதே! ரெண்டுக்கும் முடிவே இல்லாத ஒரு கணக்கைக் கொடுத்திருக்கேன். போட்டுக்கிட்டே இருக்கும், சூடாயிட்டே இருக்கும். ஒத்தைக் கார்டுல பார்த்தேன், இந்த ஜன்னலோரத்துக் குளிர் அசையலை."

அவளுக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அறை கதகதவென்று இருப்பது உறைத்தது.

"அப்ப கேமுக்கு இல்லையா?"

"கேமுக்கு ஒண்ணே தாராளம். ஹீட்டர்னு சொன்னா உங்கப்பா ஊருக்குக் கிளம்பிடுவார். இப்படி ஒரு வெட்டிச் செலவு பண்ணினா, என்னைத் திட்டறதுக்காகவாவது பக்கத்துல வந்து உட்காருவார் இல்லையா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், மனுஷர் வெட்கப்பட்டுக்கொண்டு டீ போடப் போய்விட்டார்.

அப்பாவின் மடியிலிருந்து நழுவிக் கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்தினாள்.

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"போர்த்தாதே. வேர்க்குது."

"அப்பா! முழிச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"மெதுவாப் பேசு. ஒரு மெஷின் எதுக்கு ஓடுதுன்னு மெக்கானிக்குக்குத் தெரியாதா? மாட்டின அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குப்பா தினமும் அவரை அந்தத் திட்டு திட்டறீங்க?"

அப்பா சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவளைக் குனியச் சொல்லிக் காதோடு சொன்னார்.

"திட்டறதை நிறுத்தினா நான் கண்டுபிடிச்சுட்டேன்னு மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சுடாதா? அப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டும்மா நான் இங்கே உட்கார்றது?"