திரும்பவும் அடிப்பன்

“இரும்பு அலவாங்கால அடிச்சி ஒரு ஆளுட கால உடைச்சது நீங்கதானே?”

“ஓம் சேர், நான்தான்,” என்றாள் சித்தி லெய்லா.

இன்ஸ்பெக்டர் சாள்ஸ் நிமிர்ந்து பார்த்தார். சிலாபத்திலிருந்து மாற்றலாகி இந்தக் கரையோரப் பொலிஸ் நிலையத்துக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரை அந்தக் கதிரையில் இருத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்டவன்கூட “நான் இல்ல சேர்” என்றுதான் தொடங்குவான். இவளோ, மருந்தெடுக்க வந்த இடத்தில் பெயர் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொல்கிறாள்.

ஐம்பதைத் தாண்டிய பெண். துணைக்கு வந்த தம்பி ஸப்வான் சுவரோரத்துக் கதிரையில் ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் அவளுடைய மகள் சிபானாவுக்கு முதற்பிரசவம். அதற்குப் போக விசா கேட்டிருந்தாள். எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டிருந்த இடத்தில் ‘ஆம்’ என்று எழுதிவிட்டாள். இப்போது பொலிஸ் அறிக்கை கேட்கிறார்கள். இந்தப் பெண்ணால் யாருக்கும் ஆபத்தில்லை என்று சாள்ஸ் எழுதி அனுப்பினால்தான் மற்றக் கதை.

“இல்ல எண்டு போட்டிருக்கலாமே?”

“ஏஜென்டும் அப்பிடித்தான் சொன்னார். செஞ்சத செய்யல்ல எண்டு எழுதிப்போட்டு, போய் எந்த முகத்தோட பேரப்பிள்ளையத் தூக்குற?”

அந்தப் பதில் சாள்ஸுக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளாமல் கணினித் திரையைப் பார்த்தார். பாரதூரமான காயம் விளைவித்தது, ஆறு மாதச் சிறை. அவ்வளவுதான் இருந்தது. யாரை அடித்தாள், எதற்கு அடித்தாள் என்ற விபரமெல்லாம் பழைய கோவைகளோடு சேர்ந்து ஒரு வெள்ளத்தில் நனைந்து அழிந்துவிட்டது.

“என்ன பிரச்சின, காணித் தகராறா?”

“இல்ல.”

“குடிச்சிட்டு வந்து கரைச்சல் குடுத்த ஆளா?”

“சீ, அப்பிடிச் சொல்லாதீங்க. நல்ல மனுசன்.”

“நல்ல மனுசனையா அடிச்சீங்க?”

“கூடாத ஆளா இருந்தா நான் ஏன் சேர் மெனக்கெடுறன்?”

ஸப்வான் தொண்டையைச் செருமினான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

“நீதிமன்றத்துல என்ன சொன்னீங்க?”

“அடிச்சன் எண்டன். ஏன் எண்டு கேட்டாங்க, சொல்லல்ல. கொஞ்சம் அழுங்க எண்டு லோயர் கெஞ்சினார். எனக்கு வரல்ல.”

“இப்ப எனக்குச் சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா எழுத லேசு.”

“சொல்ல மாட்டன்.”

சாள்ஸ் பேனையை வைத்தார். “சரி, மனசு வருந்துறன் எண்டாவது சொல்லுங்க. அந்த ஒரு சொல்லு போதும்.”

“அது பொய்தானே சேர். அந்த ஆள் அண்டைக்கு வெளிக்கிட்ட மாதிரி இண்டைக்கும் வெளிக்கிட்டா, திரும்பவும் அடிப்பன். மத்தக் காலயும் சேத்து.”

சாள்ஸுக்குச் சினம் தலைக்கேறியது. “இத நான் அப்பிடியே எழுதினா ஒங்களுக்கு விசா இல்ல. மகள் அங்க தனியக் கிடந்து பெறுவா. விளங்குதா?”

முதன்முறையாக அவளுடைய முகம் தளர்ந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிறகு அவிழ்த்தாள்.

“விளங்குது. ஒவ்வொரு நாளும், உம்மா எப்ப வாற எண்டுதான் கேக்குறா. அதுக்காக ஒருத்தரக் காட்டிக் குடுக்க ஏலா.” எழுந்து நின்றாள். “நீங்க எழுதுறத எழுதுங்க சேர்.”

“இருங்க.” சாள்ஸ் பெருமூச்சு விட்டார். “ஒரு வழி இருக்குது. அடிபட்ட ஆளக் கூட்டி வாங்க. இவவால எனக்குப் பயமில்ல எண்டு அவர் சொன்னா, நான் நல்லபடியா எழுதுறன்.”

“அவன் வர மாட்டான்,” என்றாள் அவசரமாக.

“வந்துதான் இருக்கன்,” என்றான் ஸப்வான்.

சாள்ஸ் அவனைப் பார்த்தார். அவன் சுவரைப் பிடித்து எழும்பி, இழுத்து இழுத்து மேசையடிக்கு வந்தான்.

“தம்பி, வாய மூடு.”

“இவ்வளவு காலம் மூடினது போதும் ராத்தா.” அவன் சாள்ஸின் பக்கம் திரும்பினான். “கேஸ் போட்டதும் நான்தான் சேர். உள்ளயே கிடக்கட்டும் எண்டு, ஒரு நாளும் பாக்கப் போகல்ல.”

“சொந்தத் தம்பிய ஏன் அடிச்சா?”

சித்தி லெய்லா அவனுடைய கையைப் பிடித்தாள். “இது பொலிஸ்டா. ஒன்னப் புடிச்சி உள்ள போடுவாங்க.”

“போடட்டும். நீங்க எனக்காக இருந்தீங்கதானே.” அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “அண்டைக்கு விடிய, இந்தக் கரையிலருந்து களவா ஒரு வள்ளம் அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்டிச்சி சேர். நானும் பேக்கோட வாசலத் தாண்டிட்டன்.”

சாள்ஸ் அவனுடைய காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“வள்ளம் போய்ச் சேந்திச்சா?”

“போன கூட்டாளிமார் ஒருத்தரும் இன்னும் ஒரு போன் கோல் எடுக்கல்ல, சேர்.”